நல்லம்மாள் ஆடிய பதினொரு நிமிடம்

உறுமி ஆம்பளை தோளில் தொங்க வேண்டிய வாத்தியம் என்று குமுதாவின் அப்பா பத்துமலை சொன்னபோது அவளுக்குப் பதினாறு வயது. எந்தச் சாஸ்திரத்தில் என்று கேட்டாள். சாஸ்திரம் படித்தவர் யாரும் அந்தத் தாமானில் குடியிருக்கவில்லை. லகாட் பக்கத்து ரப்பர்த் தோட்டத்தை அழித்தபோது அங்கிருந்த எண்பது குடும்பங்களுக்கு ஒதுக்கிய மலிவு வீடுகள்தான் தாமான். தோட்டத்து மாரியம்மனும் கூடவே கிளம்பி வந்து கடைசி வரிசை வீடுகளுக்குப் பின்னால் தகரக் கூரையின் கீழ் உட்கார்ந்துவிட்டாள். கோயிலுக்கு உறுமிமேளம் அடிப்பது பத்துமலையின் குழு. பன்னிரண்டு பையன்கள், எல்லாருக்கும் ஒரே நிறச் சட்டை. பெண்ணுக்கு அங்கே வேலை தேங்காய் துருவுவதுதான்.

குமுதா தேங்காய் துருவப் போகவில்லை. கையுறைத் தொழிற்சாலையில் தரம் பார்க்கும் பிரிவில் சேர்ந்த வருடமே சொந்தமாக ஓர் உறுமி வாங்கிவிட்டாள். வீட்டில் அடிக்க முடியாது. கோயில் பக்கம் எடுத்துக்கொண்டு போகவே முடியாது. அதனால் ஞாயிற்றுக்கிழமைகளில் அதை மோட்டார் சைக்கிளின் பின்னால் கட்டிக்கொண்டு, ஈயம் தோண்டி முடித்துக் கைவிட்ட பழைய குட்டைக்குப் போவாள். அங்கே மீன்பிடிக்க வரும் இரண்டு சீனக் கிழவர்கள்தான் அவளுடைய முதல் ரசிகர்கள். மீன் ஓடுகிறது என்று அவர்கள் ஒருமுறைகூடச் சொன்னதில்லை. அதற்காகவே அவர்களுக்குப் புண்ணியம் கிடைக்கட்டும்.

மதீசன் அந்தக் குட்டைக்கு வந்தது தவளைச் சத்தம் பிடிக்க. ஈப்போவில் கணினி வேலை பார்க்கும், நல்ல குடும்பத்துப் பையன் ஒருவன், மழை விட்ட பகலில் காதில் ஹெட்போனும் கையில் மைக்குமாகத் தவளை தேடி அலைகிறான் என்றால், அவன் கிறுக்கனாக இருக்க வேண்டும் அல்லது இசைக்காரனாக இருக்க வேண்டும். மதீசன் இரண்டும்தான்.

"இது என்னா வாத்தியம்?" என்று கேட்டான்.

"உறுமி. கேட்டதே இல்லையா?"

"தைப்பூசத்துல தூரத்துல கேட்டிருக்கேன்."

"அதான், தூரத்துலயே நின்னுட்டீங்க" என்றாள் குமுதா.

அவன் சிரித்தான். அவன் வீட்டார் யாழ்ப்பாண வழி வந்தவர்கள். தாத்தா தோட்டத்தில் கணக்கெழுதும் கிராணியாக இருந்தவர், அம்மா தவமணி ஓய்வுபெற்ற ஆசிரியை. வெள்ளிக்கிழமை விளக்கேற்றித் தேவாரம் பாடுகிற வீடு. தெருவில் அருள் வந்து ஆடுவதெல்லாம் அவர்கள் காரை நிறுத்தாமல் கடந்துபோகிற காட்சி. அதில் தப்பு என்று சொல்ல ஒன்றுமில்லை. ஆனால் கதைக்கு அது முக்கியம்.

அவன் மைக்கை உறுமியின் இடது முகத்தில், வளைந்த குச்சி தேய்க்கிற இடத்தில் வைத்தான். எதிரொலிக் கருவி ஒன்றுக்குள் அந்தச் சத்தத்தை அனுப்பி அவள் காதில் மாட்டினான். குழாய்க்குள் மாட்டிக்கொண்ட மாடு கூப்பிடுகிற மாதிரி இருந்தது. குமுதா முதலில் விழுந்து விழுந்து சிரித்தாள். பிறகு கை ரோமத்தைப் பார்த்தாள், அத்தனையும் எழுந்து நின்றன. தன் கை அடித்த அடி இப்படியும் கேட்கும் என்று அதுவரை யாரும் அவளுக்குச் சொன்னதில்லை.

மூன்றாவது ஆள் தேவன். குமுதாவின் அத்தை மகன், பகலெல்லாம் மோட்டார் சைக்கிளில் சாப்பாடு கொண்டுபோய்க் கொடுக்கிறவன், பேஸ் கித்தார் வாசிப்பான். நல்ல பிள்ளை. ஆனால் எதிலும் பிடிகொடுக்க மாட்டான், கழுவுகிற மீனில் நழுவுகிற மீன். அவனையும் சேர்த்துக்கொண்டு குழு ஆரம்பித்தபோது பெயர் வைத்தது குமுதா. ஒட்டுப்பால்.

"நல்ல பாலெல்லாம் வாளியில போயிரும். கோப்பையிலயும் பட்டையிலயும் ஒட்டிக் காஞ்சு நாறிக் கெடக்கும் பாரு, அதான் ஒட்டுப்பால். அதான் நாம" என்றாள்.

"நான் என்னத்துக்கு நாறணும்?" என்றான் மதீசன்.

"பழகிக்கலாம்."

அவர்கள் வாசித்தது என்ன ரகம் என்று கேட்டால் மதீசன் நியூ வேவ் என்பான், தேவன் தோளைக் குலுக்குவான். மதீசனின் பழைய சிந்தசைசர் பொம்மைக் கடை மாதிரி கீச்சிடும், பேஸ் ஒரே இடத்தில் நின்று துள்ளும், நடுவில் உறுமி முனகும். மூன்று பேரும் தொழிற்சாலையில் போடுகிற வலைத்தொப்பி, நீலக் கையுறை, வெள்ளை ரப்பர் பூட்ஸ் அணிந்து, கன்வேயரில் நிற்கிறவர்கள் மாதிரி கையை மட்டும் அசைப்பார்கள். குமுதா மட்டும் வலது கைக் கையுறையை வெட்டி விரல்களை வெளியே விட்டிருந்தாள். பாட்டுகளின் பெயர் 'மேனேஜருக்குத் தும்மல்', 'வைஃபை பாஸ்வேர்டு என்னா' என்று இருக்கும். எல்லாவற்றிலும் பெரிய பாட்டு 'ஆறு மணி பஸ்'.

ஆறு மணி பஸ்சு ஆறரைக்கு வரும்,
ஆறரைக்கு வந்தா ஏறவுடாது,
ஏறிப் போனா எறங்கவுடாது,
எறங்கிப் பாத்தா எடமே தெரியாது.

அவ்வளவுதான் பாட்டு. மூன்று நிமிடம் இருபது விநாடி இதையே திரும்பத் திரும்பப் பாடுவார்கள்.

முதல் நிகழ்ச்சி ஈப்போ பழைய டவுனில் ஒரு காப்பிக் கடையின் மேல்மாடியில் நடந்தது. பதினான்கு பேர் வந்தார்கள். அதில் நான்கு பேர் கீழே ஆர்டருக்குக் காத்திருந்த தேவனின் கூட்டாளிகள். இரண்டாவது நிகழ்ச்சி மழைக்குப் பேர்போன தைப்பிங்கில். வேறென்ன, மழை. மூன்றாவதில் பத்துப் பேர் தாங்களே வலைத்தொப்பி போட்டுக்கொண்டு வந்து நின்றார்கள். யார் சொன்னது, எங்கே வாங்கினார்கள் என்று தெரியாது. அதற்குப் பிறகு தொப்பி இல்லாமல் வருகிறவன் வெளியூர்க்காரன் என்று ஆகிவிட்டது. கோலாலம்பூரில் முந்நூறு தொப்பி. பிடித்தவர்களுக்குப் பைத்தியமாகப் பிடித்தது. பிடிக்காதவர்கள் இது பாட்டா, பல்வலியா என்று கேட்டார்கள்.

இணைய வானொலியில் ஒருத்தி பேட்டி எடுத்தாள். "தோட்டத்து வாழ்க்கையின் இனிய நினைவுகளையும் பாடுவீர்களா?" என்றாள்.

"தோட்டத்துல அட்ட கடிச்சுச்சு" என்றாள் குமுதா. "அதப் பாடவா?"

பத்துமலை ஒரு நிகழ்ச்சிக்கும் வரவில்லை. மகள் உறுமி அடிப்பது ஊருக்கே தெரிந்த பிறகும் வீட்டில் அந்தப் பேச்சை எடுக்க மாட்டார். குமுதாவுக்கு அது வலித்தது. வலித்தால் என்ன, இரண்டு கையும் நன்றாகத்தான் இருந்தன. உறுமியைத் தோளில் மாட்டிக்கொண்டு நிற்க அவளுக்கு உலகத்தில் ஒரே ஓர் இடம்தான் இருந்தது. அது அந்தக் குழு. அதை மட்டும் யாரும் பிடுங்கிவிடக் கூடாது என்பதுதான் அவளுடைய வேண்டுதல் எல்லாம்.

பிடுங்கப்பட்டது சிம்பாங் பூலாயில். தீபாவளி கழிந்த வாரம், பொது மண்டபத்தில் மத்தியான விருந்து. தேவனுக்குத் தெரிந்தவர் ஏற்பாடு. வாழையிலை, பிரியாணி, சிறுவர் நடனம், அப்புறம் ஒட்டுப்பால். குமுதாவின் தாமானிலிருந்தும் ஒரு வேன் நிறையப் பெண்கள் வந்திருந்தார்கள். அவர்களில் நல்லம்மாளும் ஒருத்தி. ஐம்பத்தெட்டு வயது, ஈப்போ ஹோட்டல் ஒன்றில் துணி வெளுக்கிற இடத்தில் வேலை, புருஷன் போய் ஒன்பது வருடம். ஆடித் திருவிழாவில் வருடா வருடம் அம்மன் இறங்குவது அவள்மேல்தான். அதனால் தாமானில் அவளுக்கு ஒரு தனி மரியாதை உண்டு.

'ஆறு மணி பஸ்' பாதி போயிருக்கும். முன்வரிசையில் நாற்காலி சாய்கிற சத்தம் கேட்டது. குமுதா நிமிர்ந்தாள். நல்லம்மாள் எழுந்து நின்றிருந்தாள். கொண்டை அவிழ்ந்து முடி முதுகில் விழுந்துவிட்டது. தோள் உறுமியின் அடிக்கு அடி குலுங்கியது. அப்படியே மேடைக்கு முன்னால் வந்து ஆட ஆரம்பித்தாள்.

"அருள் வந்திருச்சு! அம்மா எறங்கிட்டா!" என்று பின்னாலிருந்து கத்தினார்கள்.

அருள் வந்த ஆள் எதிரே நிற்கும்போது அடியை நிறுத்தக் கூடாது. இது குமுதாவுக்கு யாரும் சொல்லித் தெரிய வேண்டியதில்லை, தாமானில் மூன்று வயதுக் குழந்தைக்கும் தெரியும். அடித்துக்கொண்டே இருக்க வேண்டும். வந்தது தானாக மலையேறுகிற வரை மெல்ல மெல்ல இறக்கிக்கொண்டுவர வேண்டும். பாதியில் நிறுத்தினால் ஆடுகிற ஆளுக்கு ஆபத்து என்பார்கள். ஆனால் மதீசனுக்கு இது தெரியாது. அவனுடைய கருவியில் பாட்டு மூன்று நிமிடம் இருபது விநாடி. அவன் கண்ணுக்குத் தெரிந்தது, ஓர் அம்மாவுக்கு உடம்புக்கு என்னவோ ஆகிவிட்டது என்பதுதான். பயந்துபோய், சத்தத்தை நிறுத்தினால் சரியாகிவிடும் என்று நினைத்து ஓடிப்போய் ஒலிபெருக்கியின் பிளக்கைப் பிடுங்கினான்.

சிந்தசைசர் செத்தது. பேஸ் செத்தது. உறுமிக்கு என்ன கரண்டா வேண்டும்? குமுதா மேடையிலிருந்து குதித்து இறங்கி நல்லம்மாளின் எதிரில் நின்று அடித்தாள். வலைத்தொப்பியும் வெள்ளை பூட்ஸுமாக நின்று அடித்தாள். மண்டபம் மூச்சுவிடாமல் பார்த்தது. இறக்கலாம் என்று அவள் வேகத்தைக் குறைத்தால் நல்லம்மாள் விடவில்லை, காலைத் தட்டி இன்னும் இன்னும் என்றாள். பதினொரு நிமிடம். கடைசியில் அவளாக நின்று, முடியை அள்ளி முடிந்துகொண்டு, நாற்காலியில் போய் உட்கார்ந்து தண்ணீர் கேட்டாள்.

அதை இருபது பேர் போனில் பிடித்திருந்தார்கள். மூன்று நாளில் ஆறு லட்சம் பேர் பார்த்தார்கள். கோலாலம்பூரில் ஜனவரியில் நடக்கிற பெரிய இசை விழாவிலிருந்து அழைப்பு வந்தது. பத்துமலைகூட யாருக்கும் தெரியாமல் பதினொரு நிமிடத்தையும் பார்த்திருக்கிறார். காலையில் காப்பி குடித்துக்கொண்டே, "ஏழாவது நிமிசத்துல தாளத்த விட்டுக் கொஞ்சம் முன்னால ஓடிட்ட" என்றார். குமுதாவுக்கு அன்று முழுவதும் தொழிற்சாலையில் கால் தரையில் படவில்லை.

நான்காம் நாள் ஊர் வாய் திறந்தது. ஊர் வாயை மூட உலைமூடி ஏது? பஸ் பாட்டுக்குச் சாமி வருமா, சாமியை வைத்துக் கூத்தடிக்கிறார்கள், ஒரு பொம்பளை, அதுவும் பூட்ஸ் போட்டுக்கொண்டு உறுமியைத் தொடுவதா, நடுவில் கரண்டைப் பிடுங்கியவன் யார் வீட்டுப் பிள்ளை. தாமான் கோயிலின் செயலாளர் சதாசிவம் போலீஸ் நிலையத்துக்குப் போய், சமய உணர்வைப் புண்படுத்திவிட்டார்கள் என்று புகார் கொடுத்தார். கொடுத்த கையோடு நிலையத்து வாசலில் தாளைத் தூக்கிப் பிடித்துப் படமும் எடுத்துக்கொண்டார். கோலாலம்பூர் விழாக்காரர்கள் போன் செய்தார்கள். புகார் வாபஸ் ஆனால்தான் மேடை என்றார்கள்.

சனிக்கிழமை காலை கோயில் மண்டபத்தில் கூடினார்கள். ஒரு பக்கம் நிர்வாகக் குழு, அதில் பத்துமலையும் தலையைக் குனிந்தபடி உட்கார்ந்திருந்தார். எதிரே மூன்று பிளாஸ்டிக் நாற்காலிகள். நடுவில் ஒரு போன், காலூன்றி நின்று படம் பிடிக்கத் தயாராக இருந்தது. சதாசிவம் கெட்டவர் இல்லை. கோயிலுக்குத் தண்ணீர் இணைப்பு வாங்க மூன்று வருடம் ஆபீஸ் ஆபீஸாக நடந்தவர். ஆனால் சாமி வரம் கொடுத்தாலும் பூசாரி கொடுக்க மாட்டான் என்பார்களே, இங்கே பூசாரிகூட வாயைத் திறக்கவில்லை, செயலாளர்தான் கொடுக்கவில்லை.

"ரெண்டே விசயம்" என்றார் அவர். "வீடியோவுல மன்னிப்பு கேக்கணும். இனிமே உங்க பேண்டுல உறுமி இருக்கக் கூடாது. நான் போயி ரிப்போட்ட வாபஸ் வாங்கிருவேன். முடிஞ்சிருச்சு."

மதீசன் மன்னிப்புத் தாளைத் தயாராக எடுத்து வைத்திருந்தான். நான்கு வரி. நல்ல தமிழில் அவன் அம்மா எழுதிக் கொடுத்தது. முதலில் அவன் படித்தான். பிறகு தேவன் படித்தான், யார் முகத்தையும் பார்க்காமல். தாள் குமுதாவிடம் வந்தது.

"உறுமி இல்லாம நான் என்னா செய்யறது?" என்று மதீசனைக் கேட்டாள்.

அவன் அவள் பக்கம் சாய்ந்து குரலைத் தாழ்த்தினான். "குமு, ஒனக்குத் தெரியாததா? ஒன் உறுமி எல்லாம் என் லேப்டாப்ல இருக்கு. மூணு வருசமா பதிவு பண்ணியிருக்கேன். ஒவ்வொரு அடியும் இருக்கு. மேடையில உறுமி இருக்காது, சத்தம் மட்டும் வரும். அது என்னா சத்தம்னு இவங்களுக்கா தெரியப் போவுது? நீ பாட மட்டும் பாடு. ஜனவரி போயிரும், அப்பறம் பாத்துக்கலாம்."

அவன் அதைத் துரோகம் என்று நினைத்துச் சொல்லவில்லை. குழுவைக் காப்பாற்ற வழி கண்டுபிடித்துவிட்டதாக நினைத்துத்தான் சொன்னான், முகத்தில் ஒரு சின்னப் பெருமைகூட இருந்தது. அப்பா உறுமியைக் கையால் தொடாதே என்றார். இவன் கையே வேண்டாம், அது அடித்தது போதும் என்கிறான். இதற்கு அப்பா எவ்வளவோ மேல் என்று குமுதாவுக்குத் தோன்றியது.

"அத அழி" என்றாள்.

"அது பேண்டோடது குமு. ஒன்னோடது மட்டும் இல்ல."

குமுதா தாளை நான்காக மடித்து நாற்காலிக்கு அடியில் போட்டாள். போனை நேராகப் பார்த்தாள்.

"நான் மன்னிப்பு கேக்க மாட்டேன். அன்னிக்கு வந்தது சாமின்னு நீங்கதான் சொல்றீங்க. அந்தச் சாமிக்கு என் அடி புடிச்சிருந்துச்சு. புடிக்காம பதினோரு நிமிசம் நிக்குமா? நான் பொம்பளன்னு அதுக்குத் தெரியாதா, என் பூட்ஸு அதுக்குத் தெரியாதா? சாமிக்குப் புடிச்சத செஞ்சதுக்கு செயலாளர்கிட்ட நான் எதுக்கு மன்னிப்பு கேக்கணும்?"

பத்துமலை முதன்முதலாகத் தலையை நிமிர்த்தி மகளைப் பார்த்தார்.

"அப்ப பேண்டு இல்ல" என்றான் மதீசன்.

"இல்லாம போவட்டும்" என்றாள் குமுதா. எழுந்து வெளியே வந்து, மோட்டார் சைக்கிளை உதைத்துக் கிளப்பி, ஈயக் குட்டைக்குப் போய் அழுதாள். மறைக்க என்ன இருக்கிறது, ஒரு மணி நேரம் அழுதாள்.

இருவர் கேட்ட மன்னிப்பே போதும் என்று சதாசிவம் புகாரை வாபஸ் வாங்கிவிட்டார். ஜனவரியில் அவர்கள் அவள் இல்லாமல் மேடை ஏறினார்கள். வேறொரு பெண் பாடினாள், நல்ல குரல். லேப்டாப் உறுமி ஓர் அடி பிசகாமல் அடித்தது. அதுதான் வினையாகப் போய்விட்டது. வலைத்தொப்பிக்காரர்கள் கையைக் கட்டிக்கொண்டு மூன்று பாட்டு கேட்டார்கள். பிறகு ஒருவன் தொப்பியைக் கழற்றி மேடை ஓரத்தில் வைத்துவிட்டுப் போனான். அவனுக்குப் பின்னால் இன்னொருத்தி. கடைசிப் பாட்டின்போது மேடை விளிம்பு முழுக்கத் தொப்பி. மறுநாள் குழுவின் பக்கத்தில் மதீசன் ஒரே வரி எழுதினான், ஒட்டுப்பால் இத்துடன் நிறைவடைகிறது என்று. தேவன் பேஸ் கித்தாரை உறையில் போட்டு அலமாரிக்கு மேலே ஏற்றினான். குமுதாவுக்கு மதீசன்மேல் கோபம் ஆறவில்லை. அந்தக் குட்டைக் கரையில் அவள் காதில் ஹெட்போனை மாட்டிய மதீசன்மேல் ஏக்கமும் ஆறவில்லை. இரண்டும் ஒரே ஆள் என்பதுதான் தொல்லை.

மூன்று வாரம் கழித்து, ஞாயிற்றுக்கிழமை சாயங்காலம் நாலு மணிக்கு நல்லம்மாள் வந்தாள். கையில் ஒரு பொட்டலம், மாவில் தோய்த்த வாழைப்பழப் பொரியல். வீட்டில் குமுதா மட்டும் இருந்தாள். நல்லம்மாள் நாற்காலியில் உட்கார்ந்து, பொட்டலத்தைப் பிரித்து வைத்து, தானே ஒன்றை எடுத்துத் தின்று முடித்தாள்.

"ஒன்கிட்ட ஒன்னு சொல்லணும் பாப்பா. சிம்பாங் பூலாய்ல அன்னிக்கு சாமி வரல."

"என்னா ஆன்ட்டி?"

"சாமியும் வரல, ஒன்னும் வரல. நான்தான் ஆடுனேன். பாட்டு நல்லா இருந்துச்சு. நானும் முப்பது வருசம் அந்த பஸ்ல போனவதானே? ஏறிப் போனா எறங்கவுடாதுன்னு நீ பாடுனியா, சிரிப்பு வந்துச்சு. சிரிப்புல ஆரம்பிச்சு காலு நிக்கல. அவங்கதான் அருள் அருள்னு கத்துனாங்க. சரி, கத்திக்கங்கடான்னு ஆடுனேன்."

குமுதாவுக்குப் பற்றிக்கொண்டு வந்தது.

"என் பேண்டு ஒடஞ்சு போச்சு ஆன்ட்டி! போலீஸ் ரிப்போட்டு, மன்னிப்பு, அத்தன கூத்தும் இதுக்காகத்தானே? அப்பவே ஒரு வார்த்த சொல்லியிருக்கலாம்ல?"

"என்னைய யாரு கேட்டா?" என்றாள் நல்லம்மாள். "ரிப்போட்டு குடுத்தான் சதாசிவம். என்னைய கேட்டானா? நீங்க கோயில்ல போயி ஒக்காந்தீங்க. நீ கேட்டியா? எம்மேல வந்ததப் பத்தி ஊரே பேசுச்சு, ஒருத்தரும் எங்கிட்ட வந்து என்னா நடந்துச்சுன்னு கேக்கல. நானாப் போயி சொல்லலாம். அம்பத்தெட்டு வயசு, புருசன் செத்த பொம்பள, சும்மா ஆசைக்கு ஆடுனேன்னு சொன்னா எப்படிப் பேசுவாங்க? சாமின்னா கும்புடுவாங்க. நான்னா?"

குமுதா கேட்கவில்லைதான். அத்தனை பேருக்கு முன்னால் சாமியைச் சாட்சிக்கு இழுத்துச் சவால் விட்டாளே தவிர, இரண்டு தெரு தள்ளி இருக்கிற இந்த மனுஷியிடம் ஒரு வார்த்தை கேட்கவில்லை. வெட்கமாக இருந்தது.

"சாமிக்கே என் அடி புடிச்சிருச்சுன்னு வீம்பா சொல்லிட்டு வந்தேன் ஆன்ட்டி" என்றாள்.

"சாமிக்குப் புடிச்சுச்சோ என்னமோ. எனக்குப் புடிச்சிருந்துச்சு. அது பத்தாதா ஒனக்கு?"

குமுதா முகத்தைத் திருப்பிக்கொண்டாள். மூன்று வருடத்தில் எத்தனையோ பேர் அவளைப் புகழ்ந்திருக்கிறார்கள். அவையெல்லாம் இந்த ஒரு கேள்விக்கு முன்னால் கால்தூசு.

நல்லம்மாள் கையைத் துடைத்துக்கொண்டு மேசையில் கிடந்த போனைக் காட்டினாள். "எடு. புடி. இப்ப சொன்னத அப்படியே சொல்றேன். போட்டு விடு. ஒன் கூட்டாளி திரும்பி வருவான்ல?"

வருவான். குமுதாவுக்கு நன்றாகத் தெரியும். ஒரு நிமிட வீடியோ போதும். சதாசிவத்தின் புகார் சிரிப்பாய்ச் சிரிக்கும், விழாக்காரர்கள் போன் செய்வார்கள், மதீசன் வாசலில் வந்து நிற்பான். தொப்பிகள் திரும்பி வரும். போனைக் கையில் எடுத்தாள். நல்லம்மாள் சேலையைச் சரிசெய்துகொண்டு நிமிர்ந்து உட்கார்ந்தாள். கேமரா அவள் முகத்தைப் பிடித்ததும் அந்த முகம் மாறியது. கோயில் மண்டபத்தில் தேவனின் முகம் எப்படி இருந்ததோ அப்படி ஆனது.

குமுதா போனைக் கவிழ்த்து வைத்தாள்.

"வேணாம் ஆன்ட்டி. இதுவும் மன்னிப்புதான். ஆடுனதுக்கு நீங்க என்னாத்துக்கு விளக்கம் குடுக்கணும்?"

"அப்ப ஒன் பேண்டு?"

"போனது போச்சு. மன்னிப்பு கேட்டு வாங்குன மேடையில நிக்கறதுக்கு இந்த வீட்டு வாசல்ல நிக்கலாம்."

சொல்லிவிட்டு அவளே கொஞ்சம் யோசித்தாள். பிறகு அறைக்குள் போய் உறுமியை எடுத்துத் தோளில் மாட்டிக்கொண்டு வந்தாள்.

"ஆன்ட்டி, ஆடுறீங்களா?"

"இங்கயா?"

"இங்க எதுக்கு? வாங்க."

தாமானின் நடுவில் பூப்பந்துத் திடல் ஒன்று உண்டு. சிமெண்டுத் தரை, ஒரு பக்கம் வலை கிழிந்து தொங்கும். ஞாயிற்றுக்கிழமை சாயங்காலம் என்பதால் பாதித் தாமான் அங்கேதான் இருந்தது. குமுதா நடுவில் போய் நின்று 'ஆறு மணி பஸ்' அடியைத் தொடங்கினாள். மைக் இல்லை, எதிரொலிக் கருவி இல்லை, பாட்டுக்குக்கூட வாய் திறக்கவில்லை. வெறும் தோலும் குச்சியும். ஆட்டக்காரர்கள் மட்டையை இறக்கினார்கள். வீடுகளிலிருந்து ஆட்கள் வந்தார்கள். மாடியில் துணி எடுத்துக்கொண்டிருந்தவர்கள் அப்படியே நின்றார்கள். பத்துமலை வாசல் கேட்டுக்கு வெளியே வந்து கையைக் கட்டிக்கொண்டு நின்றார். போய்த் தடுக்கவில்லை.

நல்லம்மாள் முதலில் ஓரமாக நின்றாள். ஒரு கால் மட்டும் தட்டியது. செருப்பைக் கழற்றினாள். முந்தானையை இழுத்து இடுப்பில் செருகிக்கொண்டு நடுவில் வந்தாள். கொண்டை அப்படியே இருந்தது, முடியை அவிழ்க்கவில்லை. ஆடினாள்.

"அருள்! நல்லம்மாக்காவுக்கு அருள்!" என்று யாரோ கத்தினார்கள். யாரோ கோயிலுக்கு ஓடினார்கள். குமுதா வேகத்தைக் குறைக்கவில்லை, கூட்டவும் இல்லை. இந்த முறை தாளத்தை விட்டு ஓடிவிடக் கூடாது என்று பல்லைக் கடித்துக்கொண்டு அடித்தாள்.

சதாசிவம் ஓடிவந்தார், சட்டைப் பொத்தான்கூடச் சரியாகப் போடாமல். ஒரு கையில் விபூதித் தட்டு, மறு கையில் வேப்பிலைக் கொத்து. கூட்டத்தை விலக்கிக்கொண்டு நல்லம்மாளின் முன்னால் வந்து குனிந்து கைகூப்பினார்.

"தாயே! என்னா கொற வச்சோம் தாயே? என்னா வேணும், வாய் தெறந்து சொல்லு தாயே!"

நல்லம்மாளின் கண் திறந்தே இருந்தது. அவரைப் பார்த்தாள். சுற்றி நின்ற ஒவ்வொருவர் முகத்தையும் பார்த்தாள். மூச்சிரைத்தது, கால் நிற்கவில்லை.

"தாயெல்லாம் யாரும் வரல தம்பி. நான் நல்லம்மா. தள்ளி நில்லு, ஆடுறேன்ல."